கத்தூனா டிராவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை

ரீகாவில் சதுரங்கப் போட்டியின் ஐந்தாம் சுற்று நடந்த மதியம், த்ராகானா என்ற செர்பியப் பெண் தன் யானையைக் கொடுத்து எதிராளியின் குதிரையை வெட்டினாள். பார்வையாளர் வரிசையில் சலசலப்பு எழுந்தது. யானை பெரிய காய். குதிரைக்காக அதை யாரும் லேசில் இழக்க மாட்டார்கள். எதிரே இருந்த வியட்நாம்காரி யென் கொஞ்சம் யோசித்துவிட்டு யானையை எடுத்துக்கொண்டாள். இனி த்ராகானா பாய்ந்து தாக்குவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவளோ தன் ராஜாவை ஒரே ஒரு கட்டம் மூலைக்கு ஒதுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

என் மடியில் அண்ணன் மகள் லிலே தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிடக் கூடாதே என்றுதான் நான் வாய்விட்டுக் கத்தவில்லை.

அந்த ராஜா நகர்த்தல் எங்கள் வீட்டுடையது. சரியாகச் சொன்னால், என் அண்ணி கத்தூனாவுடையது. லிலே கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊரான குத்தாயிசியில் அவர்கள் வீட்டுச் சமையலறையில் அது பிறந்தது. அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் ரொட்டித் துணுக்குகளுக்கு நடுவே பலகை. என் அண்ணன் ரெஸோ யானையைக் கொடுத்துப் பார்த்து, அதற்கு மேல் வழி தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். அண்ணி ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை நீட்டி ராஜாவை மூலைக்குத் தள்ளினாள். "தூக்கம் கெட்டா இப்படித்தான் தோணும்" என்று ரெஸோ சிரித்தான். மறுநாள் அவனே எனக்குப் போன் செய்து, "உங்க அண்ணி பேய்டி. அது வேலை செய்யுது" என்றான். அதற்குப் பிறகு இருவரும் அதை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள், என்றைக்காவது ஒரு பெரிய ஆட்டத்தில் போட.

இப்போது அந்தப் பெரிய ஆட்டத்தில் யாரோ ஒருத்தி அதைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த பலகையில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணி, தண்ணீர் எடுக்க எழுந்தபோது அதைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள். கையில் வெற்று டம்ளர். யென் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கும் அளவுக்கு நேரம் போயிற்று. நடுவர் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டு, அவள் இடத்துக்குப் போகச் சொன்னார். போனாள். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைப் பதினைந்து நிமிடத்தில் தோற்றுவிட்டு வந்தாள்.

யென்னை முறித்துப்போட்ட த்ராகானாவைச் சுற்றி மைக்குகள் கூடின. இருபத்திரண்டு வயது, நல்ல உயரம், சிரித்த முகம். "இதை எங்கே கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். "நான் இல்லை, என் பயிற்சியாளர். இன்னைக்குத்தான் அவர் பேரைச் சொல்ல அனுமதி கொடுத்தார்" என்று சொல்லி, என் அண்ணனின் முழுப் பெயரையும் சொன்னாள்.

அண்ணி என் பக்கத்தில்தான் நின்றாள். லிலேவின் ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த அவள் விரல் ஒரே பட்டனில் திரும்பத் திரும்ப முட்டியது.

ரெஸோவும் அவளும் பிப்ரவரியில்தான் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். அவன் தலைநகர் திபிலிசியில் தனியாக இருக்கப் போனான், அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே படியில் நின்றபோது அண்ணி அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். இந்த வருடத் தொடரில் ஆடும் யாருக்கும் அவன் வேலை செய்யக் கூடாது. அந்தத் தொடர் அவளுக்கு எத்தனை முக்கியம் என்று அவனுக்குத் தெரியும். மார்ச் முதல் அக்டோபர் வரை அந்தால்யா, ரீகா, அஸ்தானா, பத்தூமி என்று நாலு ஊர். உலகத்தின் தலைசிறந்த பன்னிரண்டு பெண்கள். நாலு ஊரின் புள்ளிகளையும் கூட்டி, முதல் இரண்டு பேர் உலகப் பட்டத்துக்கான வாசலைத் தட்டலாம். ஒரு முறை கர்ப்பம், ஒரு முறை இடுப்பு வலி என்று இரண்டு தொடர்களை விட்டவள் அவள். முப்பத்து நாலு வயதில் இன்னொரு தொடர் வருமா என்று அவளுக்கே தெரியாது. ரெஸோ உடனே, "லிலே மேல சத்தியம். யாருக்கும் வேலை செய்ய மாட்டேன்" என்றான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். என் காதால் கேட்டேன்.

ரீகாவில் ஹோட்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, அதை நீ கொடுத்தியா?"

"முதல்ல ஹலோ சொல்லு."

"கொடுத்தியா இல்லையா?"

"மனானா, இது என் தொழில். எனக்குத் தெரிஞ்சதை விக்கிறேன். நீ மட்டும் பல்லு புடுங்கிறதை இலவசமாவா செய்யறே?"

"அது அண்ணி கண்டுபிடிச்சது."

"ராஜாவை ஒரு கட்டம் தள்ளினா அதுக்குப் பேரு கண்டுபிடிப்பா? அதுக்கப்புறம் வர்ற வழியெல்லாம் யாரு போட்டது? மாசக்கணக்குல கம்ப்யூட்டர் முன்னாடி கண்ணு எரிய உக்காந்தது யாரு?"

"பிள்ளை மேல சத்தியம் பண்ணினியே!"

லைட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னான்: "கோபத்துல நிக்கிற பொம்பளைய சமாதானப்படுத்த ஆயிரம் சொல்லுவோம். அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?"

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவனை நான் அண்ணா என்று கூப்பிட்டது அந்தப் போனோடு முடிந்தது.

அறைக்குத் திரும்பியபோது அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நடுவரிடம் புகார் கொடுக்கலாம், பத்திரிகைக்காரர்களிடம் சொல்லலாம் என்றெல்லாம் நான் குதித்தேன்.

"என்னன்னு சொல்லச் சொல்றே?" என்றாள். "நகர்த்தலுக்குப் பட்டா இருக்கா? யாரு வேணா எதை வேணா விளையாடலாம். நான் தள்ளினதுக்கு யாரு சாட்சி? எங்க வீட்டு அடுப்பா?"

குத்தாயிசிக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். அம்மா சந்தையில் கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"வீட்டை விட்டுப் போனவன் எதையாவது செஞ்சு பொழைக்கணுமா, வேணாமா?" என்றாள் அம்மா.

"அம்மா, உன் பேத்தி மேல சத்தியம் பண்ணியிருக்கான்."

"தலையில கை வச்சா பண்ணினான்? இல்லை, வாயால சொன்னானா?"

"என்னம்மா கேள்வி இது?"

"இல்லைடி, வாயால சொன்னதுன்னா அவ்வளவு தோஷமில்லை."

கொத்தமல்லி விற்கும் கிழவி வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பலகையில்தான் நாங்கள் எல்லோரும் காய் நகர்த்தப் பழகினோம். ஏமாற்றி ஒரு சிப்பாயை நகர்த்தினால் கரண்டியால் கையில் போடுவாள். மகன் வளர்ந்தபின் அந்தக் கரண்டி எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கோபம் வந்தால் பலம் கூடும் என்பார்கள். அஸ்தானாவில் அதைப் பார்த்தேன், அது பொய். அண்ணி அங்கே ஒவ்வொரு ஆட்டத்தையும் அடித்து உடைக்கப் போனாள். சமமாக இருந்த ஆட்டங்களில் காயை வாரி இறைத்தாள். டிரா கேட்டு நீண்ட கைகளைத் தட்டிவிட்டாள். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றாள். சாப்பிடும்போது முள்கரண்டியை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தே அன்றைய முடிவைச் சொல்லிவிடலாம். ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்திருப்பாள். காலையில் தாடை வீங்கியிருக்கும், நான் ஐஸ் வைத்துக் கொடுப்பேன். அந்த ஊரோடு முதல் இரண்டு இடம் என்ற பேச்சே அவளுக்கு முடிந்துபோனது. த்ராகானா அங்கே முதலிடம். சதுரங்கப் பத்திரிகைகளில் என் அண்ணனின் படம் வந்தது, மோவாயில் கை வைத்து, தூரத்தில் எதையோ யோசிப்பவன் போல.

கடைசி ஊர் பத்தூமி. எங்கள் நாடு, எங்கள் கடல், எங்கள் மழை. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு அடுக்குமாடியில் நாங்கள் மூவரும் வாடகைக்கு இருந்தோம். ஆட்டம் நடந்த அரங்கின் வாசலில் ஒரு சிமெண்ட் கம்பெனியின் பெயர் ஆளுயர எழுத்தில் தொங்கியது. அது த்ராகானாவின் அப்பாவுடையது. பத்தூமிப் போட்டியின் செலவெல்லாம் அவர் கையிலிருந்துதான்.

தொடக்க விழாவுக்கு முன்னால், எங்கள் நாட்டுச் சதுரங்கச் சங்கத் தலைவர் கிவி அண்ணியைத் தேடி வந்தார். கொழுகொழுவென்று, வாசனைத் தைலம் பூசிய ஆள். யாரையும் பெயர் சொல்லாமல் கண்ணு, செல்லம் என்பார்.

"கத்தூனா கண்ணு, ஒரு சின்ன உதவி. மேடையில ஒரு பூங்கொத்து கொடுக்கணும். ஊர்ப்பொண்ணு நீ கொடுத்தா அழகா இருக்கும்."

"யாருக்கு?"

"இந்த வருஷத்தோட சிறந்த பயிற்சியாளருக்கு."

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தெரிஞ்சுதான் கேக்கறீங்களா, தலைவரே?"

"பழசையெல்லாம் விட்டுடும்மா. வெளியூர்க்காரங்க முன்னாடி நம்ம வீட்டுத் துணியை நாமே துவைக்கணுமா? அவன் நம்ம ஆளு. நமக்குத்தானே பெருமை?"

அண்ணி சரி என்றுதான் சொன்னாள். எனக்கு ஆச்சரியம். மேடையில் விளக்கு, மேளம், நடனக் குழு எல்லாம் முடிந்து ரெஸோவின் பெயரை வாசித்தார்கள். புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினான். அண்ணி பூங்கொத்தை ஏந்திக்கொண்டு நடந்து போனாள். அவன் கையை நீட்டினான். அவள் நிற்கவில்லை. அவனைத் தாண்டிப் போய், மூலையில் மொழிபெயர்க்க நின்ற பெண்ணிடம், "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா" என்று கொடுத்துவிட்டு, அந்தப் பக்கப் படி வழியாக இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீட்டிய கையை ரெஸோவுக்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலையைக் கோதிக்கொண்டான்.

ஒழுங்கீனம் என்று அபராதம் போட்டார்கள். அடுத்த வருடத் தொடருக்கு எங்கள் நாட்டுக்குக் கிடைக்கும் அழைப்பு இனி உனக்கில்லை என்று கிவி அண்ணியின் முகத்துக்கு நேரே சொன்னார். அப்போது அவர் கண்ணு என்று கூப்பிடவில்லை.

கடைசிச் சுற்றில் அண்ணியும் த்ராகானாவும் மோத வேண்டும் என்று அமைந்தது. பட்டியல் இப்படி நின்றது: த்ராகானாவுக்கு ஒரு டிரா போதும், முதல் இரண்டில் வந்துவிடுவாள். தோற்றால் யென் அவளைத் தாண்டிவிடுவாள். அண்ணிக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் ஆகப் போவதில்லை.

அன்று காலை கதவு தட்டப்பட்டது. நான் திறந்தேன். ரெஸோ நின்றான். ஒரு கையில் மழை சொட்டும் குடை, இன்னொரு கையில் கேக் பெட்டி.

"அப்பா!" என்று லிலே என் காலுக்கிடையில் புகுந்து ஓடினாள். அவன் கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அவளைத் தூக்கினான். அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அதில் நடிப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"இதே பிள்ளைதான்" என்றேன். "நல்லாப் பாத்துக்கோ."

"மனானா, உன்கிட்ட பேச வரலை. கத்து எங்கே?"

அண்ணி ஈரத்தலையில் துண்டோடு வந்து நின்றாள். "சொல்லு."

"கிவி அனுப்பினார். இன்னைக்கு ஒரு டிரா. சீக்கிரமா முடிச்சுக்கிட்டு, கை கொடுத்துட்டு எழுந்துடு. அபராதம் கிடையாது. அடுத்த வருஷ அழைப்பு உனக்குத்தான்னு வாக்குக் கொடுக்கறார்."

"அவரே வர்றதுக்கென்ன?"

"நான் சொன்னா நீ கேப்பேன்னு நினைச்சார்."

அண்ணி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு லிலே திரும்பிப் பார்த்தாள்.

"கத்து, கொஞ்சம் யோசி. ஜெயிச்சு உனக்கு என்ன வரப்போகுது? அவ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன கெடுதல் பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. நல்ல பொண்ணு. நல்லா ஆடறா."

"அப்புறம் ஏன் பொறாமையில அவ வாழ்க்கையைக் கெடுக்கறே?"

"பொறாமையா?" அண்ணி துண்டை அவிழ்த்து நாற்காலியில் எறிந்தாள். "என் வீட்டுல கன்னம் வச்சவன் நீ. திருட்டுச் சாமானைப் போட்டுக்கிட்டு நடக்கிறவளைப் பாத்தா எனக்குப் பொறாமையா? ரெஸோ, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க மைக் இல்லை, யாரும் இல்லை. அந்த ராஜாவைத் தள்ளினது யாரு? ஒரு தடவை வாயால சொல்லிட்டுப் போ. நீ சொன்னா டிரா பத்தி யோசிக்கிறேன்."

அவன் லிலேவைக் கீழே இறக்கிவிட்டான். குடையின் கைப்பிடியைத் திருகினான். ஒரே ஒரு வார்த்தைதான். அவன் சொல்லிவிடுவான் என்று நான் உண்மையிலேயே நினைத்தேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே வேலை பண்ணினோம்" என்றான்.

"வெளியே போ."

அவன் கேக் பெட்டியை எடுக்கக் குனிந்தான். "அதை வச்சுட்டுப் போ" என்றாள் அண்ணி. "அது பிள்ளைக்கு வந்தது."

ஆட்டம் மூன்று மணிக்கு. அண்ணிக்கு வெள்ளைக் காய். த்ராகானா பாதுகாப்பாக ஆடினாள். ராணிகளை மாற்றிக்கொண்டாள். ஒரே நகர்த்தல்களைத் திரும்பத் திரும்பப் போட்டு, டிராவாக முடித்துக்கொள்ளலாமே என்று காயாலேயே கேட்டாள். மூன்றாம் முறை அதே நிலை வருவதற்கு முன் அண்ணி யானையை வேறு பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து த்ராகானா வாயாலேயே கேட்டாள். அண்ணி நிமிராமல், "விளையாடு" என்றாள். இன்னொரு முறை கேட்டபோது அண்ணி நடுவரைப் பார்த்தாள். நடுவர் வந்து, இனிமேல் கேட்டால் தொந்தரவு செய்வதாக எடுத்துக்கொள்வேன் என்று த்ராகானாவை எச்சரித்தார்.

முதல் வரிசையில் கிவியும் சிமெண்ட் கம்பெனிக்காரரும் ரெஸோவும் உட்கார்ந்திருந்தார்கள். கிவியின் கழுத்து நேரம் ஆக ஆகச் சிவந்தது. சிமெண்ட்காரர் அவ்வப்போது ரெஸோவின் காதில் எதையோ கேட்பார். ரெஸோ கையமர்த்துவான், பொறுங்கள் என்பது போல.

பலகையில் மிச்சமிருந்தது ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும். அண்ணியிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் இது டிராதான், புத்தகத்திலேயே டிரா என்று வர்ணனையாளர் திரையில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற பலகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. யென் தன் ஆட்டத்தை முடித்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணி நேரம் தாண்டியபோது ரெஸோ முன்னால் குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. அண்ணி எழுந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள், முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்து யானையை ஒரு கட்டம் பின்னால் வைத்தாள். அடுத்து அதை முன்னால் வைத்தாள். மறுபடி பக்கத்தில். அஸ்தானாவில் காயை வாரி இறைத்தவள்தானா இவள் என்று எனக்குப் புரியவில்லை. அவசரமே இல்லை. சிப்பாயைத் தொடவே இல்லை. கோபத்தை எங்கோ பல்லுக்கடியில் அடக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைக் காக்க வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆறாவது மணி நேரத்தில் த்ராகானா தடுமாறினாள். தன் ராஜாவை முன்னால் கொண்டுவர வேண்டிய இடத்தில் பின்னால் வைத்தாள். வைத்த விரலை எடுத்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். அதன்பின் அண்ணியின் சிப்பாய் நடக்க ஆரம்பித்தது, அதைத் தடுக்க யாருமில்லை.

கை குலுக்கினார்கள். யென் கடைசி வரிசையில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு அழுதாள். கிவி யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

லிலேவின் கோட்டோடு நான் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். அண்ணி வந்தாள். பின்னாலேயே த்ராகானாவும் வந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "விழா அன்னைக்கு நீங்க ஏன் அப்படிப் பண்ணினீங்க? மொழிபெயர்க்கிற பொண்ணு இன்னைக்குத்தான் என்கிட்ட ஏதோ சொன்னா. ரீகாவுல நான் போட்டது உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின வேலையையெல்லாம் நீங்க அவருக்கே கொடுத்துட்டீங்கன்னு சொன்னார். பிரியும்போது பேசி வச்சுக்கிட்டதுன்னு."

அண்ணி சுவரில் சாய்ந்தாள். "வேற என்ன சொன்னான்?"

அந்தப் பெண் தயங்கினாள். என்னைப் பார்த்தாள், லிலேவைப் பார்த்தாள்.

"சொல்லு."

"நீங்க டிராவுக்கு ஒத்துக்கலைன்னா ஆட்டத்தை இழுக்கச் சொன்னார். குழந்தை பிறந்ததிலேருந்து உங்களுக்கு இடுப்பு வலியாம். நாலு மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது, அப்ப அவசரப்படுவீங்க, அதுவரைக்கும் பொறுத்திருன்னார். அப்புறம்... நாற்காலியில இந்தப் பக்கமா நகர்ந்து உக்காந்தீங்கன்னா வலி ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்னார்." அவள் குரல் இறங்கியது. "நான் ஆறு மணி நேரமும் உங்க நாற்காலியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

அண்ணியின் கை தானாக இடுப்புக்குப் போயிற்று.   லிலே பிறந்த குளிர்காலம் முழுக்க அந்த இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்தவன் ரெஸோதான். தேய்த்துவிட்டவனும் அவன்தான். வலி எந்தப் பக்கம் என்று உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"அழாதே" என்றாள் கடைசியில், கடுகடுவென்று. "இந்த மாதிரி நிலையில ராஜாவை முன்னாடி கொண்டு போகணும். பின்னாடி இல்லை. அடுத்த தடவை அவன் சொல்றதை விட்டுட்டுப் பலகையைப் பாரு."

லிலேவை அண்ணியிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே போனேன். ரெஸோ வாசல் கூரைக்கடியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். சிமெண்ட்காரர் அவனைக் கடந்து காரில் ஏறினார்.

"இடுப்பு வலியையும் வித்துட்டியா?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "யாரு சொன்னா?"

"வித்தியா இல்லையா?"

"எதிராளியோட பலவீனத்தைச் சொல்றது பயிற்சியாளனோட வேலை, மனானா. உலகம் பூரா அப்படித்தான்."

"எதிராளியா? யாருடா எதிராளி?"

அறைந்துவிட்டேன். சிகரெட் தண்ணீரில் போய் விழுந்தது. டாக்ஸிக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். நாற்பது வயது ஆண்பிள்ளையை, கூடப்பிறந்த அண்ணனை, ஊர் பார்க்க. எனக்கு வெட்கமாக இல்லை. கை மட்டும் வீங்கிவிட்டது, இரண்டு நாள் பல் பிடுங்கும் கருவி எதையும் பிடிக்க முடியவில்லை. அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்றேன்" என்றான். சத்தியமாக அதைத்தான் சொன்னான்.

மறுநாள் மழையிலேயே ஊருக்குக் கிளம்பினோம். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் ஓடும். அதனால் என் வலதுபக்க ஸ்டீரிங் வைத்த பழைய டொயோட்டாவில் லாரிகளைத் தாண்டுவது பெரிய பாடு. முன்னால் என்ன வருகிறது என்று இடப்பக்கம் உட்கார்ந்தவர் சொல்ல வேண்டும். அண்ணி சொல்லிக்கொண்டு வந்தாள்: "போகலாம். இரு, இரு. இப்ப போ." கோபுலேத்தி ஊரைத் தாண்டியதும், "ஓரமா நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். போனை எடுத்துக் கிவிக்குப் போட்டாள்.

"தலைவரே, கத்தூனா பேசறேன்."

அந்தப் பக்கம் அவர் ஏதோ கத்தினார். கம்பெனி கைவிட்டுப் போச்சு, நாட்டுக்கே அவமானம், நன்றி கெட்டவள் என்பதெல்லாம் எனக்கே கேட்டது. அண்ணி முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"உங்க அழைப்பு எனக்கு வேண்டாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். தகுதிப் போட்டி இருக்கில்ல, யாரு வேணா போய் ஆடலாமே, அது வழியா வர்றேன். அதுக்கு உங்க கையெழுத்து தேவையில்லை. அப்புறம், இனிமே என்னைக் கண்ணுன்னு கூப்பிடாதீங்க. எனக்கு ஒரு பேரு இருக்கு."

போனைப் பைக்குள் எறிந்தாள். "போ" என்றாள் என்னிடம். பின் சீட்டில் லிலே, "யாரும்மா அது?" என்றாள். "ஒருத்தரும் இல்லை. தூங்கு."

த்ராகானா ரெஸோவை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதனால் அவன் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சிறந்த பயிற்சியாளர் என்ற பட்டம் கையில் இருக்கிறது, இன்னொருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். அந்த ராஜா நகர்த்தலுக்கு இப்போது அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். சதுரங்கம் கற்கும் பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். ஆறிப்போகும் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அண்ணி அந்தக் குளிர்காலம் முழுக்கத் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தயாரித்தாள். அவனுக்குத் தெரிந்த ஒரு வழியும் மிச்சமிருக்கக் கூடாது என்று, பத்து வருடம் ஆடிய தொடக்கங்களையெல்லாம் தூக்கி எறிந்தாள். நாலு மணி நேரம் ஆனதும் எழுந்து நின்றுகொண்டே ஆடப் பழகினாள். வசந்தத்தில் வார்சாவில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் தகுதிப் போட்டி. இருநூறு பேர், நெருக்கிப் போட்ட மேசைகள், பதினாறு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு. முதல் இரண்டு பேருக்குத்தான் மறு வருடத் தொடரில் இடம். லிலே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்ததால் நான் ஊரிலேயே இருந்தேன். கடைசிச் சுற்று முடிந்ததும் போன் வந்தது.

"மூணாவது" என்றாள்.

"பரவாயில்லை அண்ணி."

"ஏய், பரவாயில்லைன்னு மட்டும் சொல்லாதே! காலையிலேருந்து எல்லாரும் அதையே சொல்றாங்க. பரவாயில்லைன்னு யாராவது சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வருது." மூச்சு வாங்கிக்கொண்டாள். பின்னால் யாரோ மேசைகளை இழுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. "அடுத்த தகுதிப் போட்டி போர்ச்சுகல்ல, ஜூன் மாசம். பிள்ளைக்கு லீவு என்னைக்கு விடறாங்கன்னு பாத்துச் சொல்லு."